வளைகிற ஸ்லாப்பும் சரஸ்வதி அக்காவும்

பாடுபட்டுப் போட்ட காங்கிரீட்டை நாமே உடைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. துடியலூர் பக்கம் எங்கள் யார்டில் தரை ஸ்லாப்புகளை அச்சில் போட்டு எடுத்து லாரியில் அனுப்புவோம். கிரேன் தூக்கிச் சுவர்மேல் வைத்தால் மாடி தயார். போடுவதில் ஒன்றிரண்டை எடுத்து, இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்து, நடுவில் பாரம் ஏற்றி, எவ்வளவு வளைகிறது, எப்போது விரிகிறது என்று பார்ப்பது என் வேலை. "ஒண்ணும் ஆகாதுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வறண்ட சக தொழிலாளிகளே, என் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

கத்திரிக்காய் பொறுக்கிய கதை

கோபியிலிருந்து ராமசாமி அண்ணனும் அவர் மனைவி சரஸ்வதி அக்காவும் சோதனையை நேரில் பார்க்க வந்தார்கள். வாழைத்தோப்பை ஒட்டிக் கட்டுகிற புது வீட்டுக்கு எங்கள் ஸ்லாப்பைப் போடலாம் என்பது அண்ணனின் ஆசை. வேண்டாம் என்பது அக்காவின் முடிவு. நான் தனியாகப் பார்த்துக்கொண்ட முதல் ஆர்டர் அது. "கோபியிலிருந்து சரக்குத் திரும்பி வந்துதுன்னா, நீங்க மறுபடியும் ஆபீஸ்ல கொட்டேஷன் டைப் பண்ணப் போயிரலாம்மா" என்று மேனேஜர் பஷீர் சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம்.

பாரம் ஏற ஏற, அடியில் வைத்திருந்த கருவியின் முள் நகர்ந்தது. நான்கு மில்லிமீட்டர் வளைவு. பாரத்தை இறக்கியதும் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. எனக்குப் பரம திருப்தி. காங்கிரீட் என்றால் கொஞ்சம் வளையத்தான் செய்யும், அடிப்பக்கம் இருக்கிற கம்பி அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் என்று கையை வளைத்தும் நிமிர்த்தியும் பாடம் எடுத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு யார்டில் அடுக்கியிருந்த ஸ்லாப்புகளை, சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இதுல வளையாததாப் பாத்து எடுத்துக் குடுத்துப்போடுங்க கண்ணு."

மேஸ்திரியின் யோசனை

ஒருவழியாக அண்ணன் அக்காவைச் சம்மதிக்க வைத்தார். ஸ்லாப் ஏற்றுகிற நாளன்று பார்த்து, நான் ஏறிய பஸ் அவிநாசி தாண்டிப் பஞ்சராகி நின்றது. நான் வருவதற்குள் மூன்று ஸ்லாப்புகள் சுவர்மேல் ஏறிவிட்டன. கீழே நின்று அக்கா வேலையாட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் சொரசொரவென்று இருந்தது. மூன்றையும் குப்புறப் போட்டிருக்கிறார்கள்! கம்பியெல்லாம் மேலே போய்விட்டது. இழுபடுகிற அடிப்பக்கத்தில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா மோர்ச் சொம்போடு ஓடி வந்தார். தூர நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டில் நடுவில் முடி அகலத்துக்கு விரிசல். எது மேல்பக்கம் என்று பக்கவாட்டில் சிவப்பு அம்புக்குறி போட்டுத்தான் அனுப்புகிறோம், அதைப் பார்க்கவில்லையா என்று மேஸ்திரி சின்னச்சாமியைக் கேட்டேன். அவர் பெருமை குறையாமல் சொன்னார்: "பாத்தனுங்க. ஆனா சொரசொரப்புக் கீழ வந்தாத்தானுங்க பூச்சு நல்லாப் புடிக்கும்? அதான் நானே யோசன பண்ணித் திருப்பிப் போட்டனுங்க."

காங்கிரீட் பிரியாணி

பூசினால் விரிசல் மறைந்துவிடும் என்று மேஸ்திரி காதோடு காதாகச் சொன்னார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அந்த டைப் அடிக்கிற மேஜை என் கண்முன் வந்து போனது. ஆனால் அந்த மாடிக்குக் கீழேதானே அக்கா படுத்துத் தூங்கப் போகிறார்? முட்டுக் கொடுத்து மூன்றையும் இறக்க வைத்து, எல்லார் முன்னாலும் பெயின்டால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். போனில் பஷீர் சார் சிரிக்கவில்லை. வேறு மூன்று அனுப்புவதாகச் சொன்னார். அக்காவோ, "மத்ததையும் ஏத்தாதீங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். அழுகை வராததுதான் குறை.

இந்தப் பக்கம் மாடிக்குக் காங்கிரீட் போடுகிற நாளில் வேலை செய்கிற கூட்டத்துக்கே விருந்து உண்டு. அண்ணன் அந்த வழக்கப்படி முப்பது பேருக்குப் பிரியாணி ஆக்கி வைத்திருந்தார். கிரேன் வேலைக்கு வந்ததோ என்னையும் சேர்த்து ஏழு பேர். ஏழு பேரும் இழவு வீட்டில் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றோம். அண்ணன்தான் இலையை விரித்தார்: "சிலாப்பு நாலு நாள் கழிச்சுக்கூட வரட்டுமுங்க. பிரியாணி அதுவரைக்கும் நிக்காது, உக்காருங்க."

அக்காவின் சோதனை

புது ஸ்லாப்புகள் வந்தன. அக்காவும் அரைமனதாகத் தலையாட்டினார். இந்த முறை நானே கூட நின்று எல்லாவற்றையும் ஏற்றி, இடுக்குகளை அடைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டனுப்பினார். உங்கள் யார்டில் பாரம் ஏற்றிக் காட்டியது போதும், என் வீட்டில் காட்டுங்கள் என்றார். எத்தனை நெல் மூட்டை ஏற்றலாம் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தலை ஒன்றுக்கு ஒரு மூட்டையாக ஆட்கள் மாடி ஏறத் தொடங்கினார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, மூட்டை அடுக்குகிற இடத்துக்குச் சரியாக அடியில் போட்டு, "நீங்க இங்க உக்காருங்க அம்மணி" என்றார்.

உட்கார்ந்தேன். கணக்கை மூன்று தடவை சரிபார்த்தவள்தான். ஆனாலும் ஒவ்வொரு மூட்டையும் தலைக்கு மேல் தொம்மென்று விழும்போது குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். பாதி மூட்டைகள் ஏறியிருக்கும். அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ. என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். முடிகிறவரை வெளியே இருங்கள் அக்கா என்று நான் பதறினேன். அவர் மேலே அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை: "ஊட்டுக்கு வந்த புள்ளையத் தனியா உக்கார வெச்சுப்போட்டு நான் வெளிய நின்னா, நல்லா இருக்குமுங்களா?"

மாடியின் பலத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்லத்தான் எனக்குச் சம்பளம்; கோபியில் அதை நாற்காலிக் கணக்கில் அளக்கிறார்கள் என்பதை மட்டும் பஷீர் சாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.