பார்க்காமலே பாராட்டிய திரை

எண்பதுகளின் கடைசியில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. திருச்சி டவுனில் கம்ப்யூட்டர் படித்தவள் என்ற தலைக்கனத்தோடுதான் பஸ் ஏறினேன். ஆலைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. அதற்கு ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கோ, அதற்கு அடுத்த அறையில் ஆடுகிற நாற்காலி ஒன்றும், நினைத்தால் சுற்றுகிற மின்விசிறி ஒன்றும்.

கரும்புப் பிரிவில் மூன்று பேர் ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, வெட்டு உத்தரவு போடும் புரோகிராமை எழுதியிருந்தார்கள். யார் முதலில் கரும்பு நட்டாரோ அவருடைய கரும்பை முதலில் வெட்டச் சொல்லும் உத்தரவு அது. மூவரில் ஒருவர் ஏலாக்குறிச்சிக்காரர், வயதில் பெரியவர். இன்னொருவர் திருமானூர்க்காரர், வாய்த்துடுக்கு ஆசாமி. மூன்றாவது, குரும்பலூர் அக்கா. புரோகிராம் என்னவோ ஓடியது, ஆனால் வரிசையைக் குழப்பியது. முதலில் நட்டவர் கடைசிக்குப் போனார். முற்றிய கரும்பு வயலிலேயே நின்று காய்ந்தால் விவசாயி சும்மா விடுவாரா? ஆலையில் கரும்பு அரவை தொடங்குவதற்குள் சரிசெய்யாவிட்டால் பழையபடி கையால் எழுதிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரை மூடி வையுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதை மூடினால் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

எனக்குக் கரும்பு நடைமுறை தெரியாது. அது அவர்களுக்குத்தான் அத்துப்படி. அதனால் தப்பை அவர்களே பிடிக்கட்டும் என்று பிழை தேட உதவும் ஒரு டிபக்கர் எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய புரோகிராமை அது வரிவரியாக ஓட்டும். சொன்ன இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்து நிற்கும். அந்த நொடியில் கணக்கு எப்படி இருக்கிறது என்று திரையில் காட்டும். அந்தச் சத்தத்தில் எனக்குத் தனிப் பெருமை. தூங்குகிறவனைக்கூட எழுப்பிவிடும் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"எப்படிங்க இருக்கு?" என்று தினமும் போய்க் கேட்பேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்பார் ஏலாக்குறிச்சிக்காரர். "சூப்பர்ங்க," என்பார் திருமானூர்க்காரர். அக்கா சிரித்துத் தலையாட்டுவார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தப்பு மட்டும் அகப்படவே இல்லை. அரவைக்கு நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு நல்ல டிபக்கரை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று உள்ளுக்குள் புகைந்தேன்.

ஒருநாள் மதியம் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். அக்கா எல்லோருக்கும் தன் புளிச்சோற்றை வைத்தார். "பிரமாதம்," "அருமை," என்று ஆளாளுக்குப் புகழ்ந்து சாப்பிட்டோம். அக்கா ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார். "அய்யய்ய, உப்பே பத்தலையே!" என்றார்.

"ஆமாங்க," என்றார் ஏலாக்குறிச்சிக்காரர் உடனே. "புளியும் கொஞ்சம் தூக்கல்தான்."

"சோறு கொழஞ்சிருக்கு, அதைச் சொல்லுங்க மொதல்ல," என்றார் திருமானூர்க்காரர். அக்கா கோபித்துக்கொள்ளவே இல்லை, விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குப் பொறி தட்டியது. அட, இந்த ஊரில் செய்தவள் வாயைத் திறக்காதவரை சாப்பிடுகிறவர் குறை சொல்லமாட்டார்! கையைக் கழுவியதும் மூவரையும் ஏ.சி. அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இந்தக் கர்மம் பிடிச்ச டிபக்கரைப் பார்த்தா எனக்கே எரிச்சலா வருது. எவதான் இதை எழுதினாளோ!" என்று சத்தமாக என்னையே திட்டினேன்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏலாக்குறிச்சிக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "தப்பா நெனைக்காதம்மா. அதுக்கு நேரமே சரியில்ல. போட்டவொடனே கரண்டு போயிடுது."

"கரண்டா?"

"அதான் கீச்சு கீச்சுன்னு கத்துதுல்ல? கத்துனா நாங்க ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்," என்றார் திருமானூர்க்காரர்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேசைக்கு அடியில் யு.பி.எஸ். பெட்டி ஒன்று உண்டு. மின்சாரம் போனாலும், வோல்டேஜ் இறங்கினாலும் அது கீச்சிடும். உடனே கம்ப்யூட்டரை அணைக்கவேண்டும், இல்லாவிட்டால் பதிந்ததெல்லாம் போய்விடும் என்று அவர்களுக்கு முதல் நாளே பாடம் நடத்தியிருந்தார்கள். என் டிபக்கரும் அதே குரலில் கத்தியிருக்கிறது. ஆக, நான் ராப்பகலாக இழைத்த திரையை ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே சூப்பராம்!

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"ஆசையாப் பண்ணிருக்க, மனசு நோவப்போவுதேன்னுதான்," என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வாட்ச்மேன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

சத்தத்தை அப்போதே எடுத்தேன். முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், அணை உடைந்தது. "எழுத்து ஏன் இப்படி ஓடுது?" "எந்த வரியில நிக்குதுன்னே தெரியல, அதை நடுவுல வையி." "எண்ணு மட்டும் இருந்தா எதோட எண்ணுன்னு எப்படித் தெரியும்? பக்கத்துல பேரைப் போடும்மா." நேற்றுவரை வாங்க போங்க என்றவர்கள் வா போ என்று என்னை வறுத்தெடுத்தார்கள். எனக்கோ தேனாக இருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல மாற்றினேன்.

மறுநாள் காலை அக்கா போட்ட கூச்சல் அடுத்த அறைக்குக் கேட்டது. ஓடினேன். திரை நடுவில் ஒரு வரி நின்றிருந்தது. பக்கத்தில் ‘நட்ட மாதம்: 1’, அதற்குக் கீழே 12.

"பாத்தியா! டிசம்பர்ல நட்டவரு, அடுத்த ஜனவரியில நட்டவருக்குப் பின்னாடி நிக்கிறாரு. மாசத்தை மட்டும் பாக்குது, வருஷத்தைப் பாக்கவேயில்ல!"

வருடத்தையும் பார்க்கச் சொல்லி ஏலாக்குறிச்சிக்காரர் ஒரு வரியைத் திருத்தினார். புரோகிராமை மறுபடி ஓட்டினோம், வரிசை சரியாக வந்தது. திருமானூர்க்காரர் ஏ.சி. அறை என்றும் பார்க்காமல் விசில் அடித்தார். அரவை தொடங்கிய அன்று முதலில் நட்டவர்களுடைய கரும்பு வண்டிகள்தான் ஆலை வாசலில் முன்னால் நின்றன. கம்ப்யூட்டரும் தப்பியது, நானும் தப்பினேன். மேலதிகாரி எனக்கு வேலையை நீட்டிக் கொடுத்தார்.

அதன்பிறகு அந்த மூவரும் என் தலைப்பின்னல், நான் போடும் டீ, எனக்கு வந்த வரன் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார்கள். பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ பாராட்டு வாங்கிவிட்டேன். ஆனால் மனசு நோகுமே என்று ஒரு வாரம் வாயைக் கட்டியிருந்தவர்கள், இவள் நம்ம பிள்ளைதானே என்று என்னைக் கூச்சமில்லாமல் திட்டத் தொடங்கிய அந்த மத்தியானத்துக்கு அதில் ஒன்றுகூட ஈடாகவில்லை.