நாற்பத்து நான்காவது ஜோடிச் செருப்பு

இது நடந்தது. பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் ஒருவர் பல் டாக்டர், இருவர் அரசாங்க ஊழியர்கள், ஒருவர் மாதா கோயில் பாடகர் குழுவில் நடுவரிசை. இவர்களுக்கெல்லாம் பொய் சொல்ல நேரமே கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஆறு மணிக்குக் கருக்களாச்சேரி போய்க் காதைக் கொடுத்துப் பார்க்கலாம். திரும்பி வரும்போது சந்தேகம் இருக்காது. தூக்கமும் இருக்காது.

வில்சன் காரைக்காலில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். அது வயிற்றுக்கு. உயிருக்கு வேறொன்று இருந்தது: இரைச்சல் இசை. ராகம் கிடையாது, தாளம் கிடையாது. மிக்ஸி மோட்டாரில் மைக்கை ஒட்டுவார்கள். பழைய ரேடியோவைத் திருகித் திருகி அழவிடுவார்கள். மாதம் ஒரு ஞாயிறு வில்சன் இப்படி ஒரு கூட்டம் நடத்துவான். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் இருவர் சத்தத்தை நிறுத்தச் சொல்லி வந்தவர்கள். அன்று ஊரை விட்டு ஓடிய நாய்களில் பாதி இன்னும் திருநள்ளாற்றில்தான் குடியிருக்கின்றன. அண்டர்கிரவுண்ட் இசை என்று பெயர். காரைக்காலில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்பதால் பெரும்பாலும் மாடியில் நடக்கும்.

அதற்கென்று சில வழக்கங்கள் உண்டு. போஸ்டரில் இடம் போடமாட்டார்கள். சரியாக ஒரு மணி நேரத்துக்கு முன்பு வில்சனின் போனிலிருந்து லொக்கேஷன் வரும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் வாசிக்கும் முன் வில்சன் மைக்கில் பேரை அறிவிப்பான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி ஆட்டோவிலும் ஒலிப்பது அவன் குரல்தான், அப்படியொரு கம்பீரம். அந்தக் குரல் பேரைச் சொன்னால்தான் ஒருவன் கலைஞன். சொல்லாவிட்டால் சும்மா சத்தம் போடுகிறவன்.

மண்டபத்தூர் தமிழ்ச்செல்வன் உடைந்த ஃபைபர் படகின் முன்பாதியை அறுத்தெடுத்து, அதில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, வில்லால் இழைப்பான். ஒரே சுருதி. நாற்பத்தோரு நிமிடம். கேட்பவர்களுக்குக் கடைவாய்ப் பல் ஆடும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போனதில்லை. முடிந்ததும் எல்லோரும் அவனைச் சுற்றி நிற்பார்கள். வில்சன் ஓரமாக மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான்.

அந்த வயரோடு வயிற்றெரிச்சலும் சுருண்டு சுருண்டு பெரிதானது.

போன வருடம் நவம்பர் கூட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. காலையிலேயே தமிழ்ச்செல்வன் போன் செய்தான்.

"அண்ணே, நான் இருக்கேன்லண்ணே?"

"இருக்கடா. லொக்கேஷன் அனுப்புறேன்."

"மைக்ல எம்பேர மட்டும் சொல்லிருங்கண்ணே. மத்தத படகு பாத்துக்கும்."

எல்லோருக்கும் சரியான லொக்கேஷன் போனது. தமிழ்ச்செல்வனுக்கு மட்டும் வேறு. கருக்களாச்சேரியில் கடலோரம் பூட்டிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனி. அவன் பக்கவாட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனான். கூட்டம் வரும் என்று நம்பி வயரையெல்லாம் இணைத்து வைத்தான். மழை. ஈரத் தரை. பழைய இணைப்பில் கரண்ட் இருந்தது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் வலை காயப்போட வந்தவர்கள்தான் பார்த்தார்கள். இரண்டு கையும் படகைப் பிடித்தபடியே இருந்தன.

வில்சன் முதலில் செய்த காரியம், அந்த மெசேஜை அழித்தது.

இரண்டாவது, "வரேன்னு சொன்னான், வரல. அங்க ஏன் போனான்னு யாருக்குத் தெரியும்?" என்று ஊரெல்லாம் சொன்னது.

மூன்றாவதைக் கேளுங்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை இலவசமாக அடித்துக் கொடுத்தான். அதில் செத்தவன் படத்தைவிட வில்சன் படம் பெரிது.

சரியாக ஒரு வருடம்.

இந்த நவம்பரில் சென்னையிலிருந்து பிரதீபா வந்தாள். பெரிய இசை விழா ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவள். "உங்க பேருக்காக நாப்பது பேர் வர்றதை நான் கண்ணால பாக்கணும், வில்சன். பாத்துட்டா, அடுத்த வருஷ விழாவை நீங்கதான் நடத்துறீங்க" என்றாள். வில்சனுக்கு இந்த ஜென்மத்தில் வேண்டியது அது ஒன்றுதான். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

கோட்டுச்சேரியில் ஒரு காலி நெல் கிடங்கின் மாடி. வில்சன் நூலால் தைத்த தன் பழுப்புத் தோல் செருப்பைக் கீழ் வாசலில் விட்டுவிட்டு ஏறினான். ஒலி அமைப்புக்கு அஸ்கர் இருந்தான்.

மாலை 5.00. வில்சன் லொக்கேஷன் அனுப்பினான். நாற்பத்து மூன்று பேருக்கும். உடனே எல்லாவற்றிலும் நீல டிக்.

5.40. ஒருவரும் வரவில்லை.

"அண்ணே, பூனகூட வரலண்ணே."

"வருவாங்க பாய். நீ வாயக் கட்டு."

5.52. ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய உறுமல். ம்ம்ம்ம்ம்... ஒரே சுருதி.

"அத நிறுத்து பாய்."

அஸ்கர் ஸ்பீக்கரைப் பார்த்தான். பிளக்கைப் பார்த்தான். பிளக் அவன் கையில் இருந்தது.

"இன்னும் சொருகவே இல்லண்ணே..."

5.59. பிரதீபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெறுந்தரையைப் பார்த்தாள். "யாருமே இல்லையே, வில்சன்?"

"இதோ, ஆரம்பிச்சதும் வந்துருவாங்க" என்று மைக்கைப் பிடித்தான்.

6.00. வில்சன் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

மைக்கைத் தட்டினான். டொக். டொக். மைக் வேலை செய்தது. தொண்டையைக் கனைத்தான். கனைப்பு வந்தது. பேச்சு வரவில்லை. பதற்றத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தான்.

அப்போது போன் அதிர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக...

'வந்துட்டோம்ண்ணே.'

'வந்துட்டோம்.'

'உள்ள உக்காந்துட்டோம்.'

நாற்பத்து மூன்று பேரும். கூட்டம் தவறாமல் வரும் அல்லி ஒரு படமும் அனுப்பியிருந்தாள். துருப்பிடித்த ஷட்டர். பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. வாசலில் குவியலாகச் செருப்புகள்.

ஐஸ் கம்பெனி.

வில்சனின் விரல் தானாக இறங்கியது. ஒரு வருடமாகத் திறக்காத பெயர். 'தமிழ்ச்செல்வன் படகு.' அழித்த மெசேஜ் அங்கே இருந்தது. அதே லொக்கேஷன். நேரம்: இன்று, 5.00.

கீழே ஒரு பதில்.

'நான் இருக்கேன்லண்ணே?'

பிரதீபா எட்டிப் பார்த்தாள். "இடத்தை மாத்தி அனுப்பிட்டீங்களா? அட, கார்ல ஏறுங்க." வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டே, செருப்பைத் தேடக்கூட விடாமல், அவனை இழுத்துப் போனாள். காரில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லை.

6.38. கடற்கரை. இருட்டிவிட்டது. ஐஸ் கம்பெனிக்குப் போகும் கரண்ட் கம்பி எப்போதோ அறுக்கப்பட்டு, கம்பத்தில் சுருண்டு தொங்கியது. உள்ளே விளக்கு இல்லை.

ஆனால் உறுமல் இருந்தது.

ம்ம்ம்ம்ம்ம்...

உள்ளங்கால் வழியாக ஏறி, பல்லில் வந்து நின்றது.

வில்சன் ஷட்டரில் காதை வைத்தான்.

உறுமலுக்கு மேலே ஒருவன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். கம்பீரமான குரல்.

வில்சனின் குரல்.

"...எல்லாருக்கும் ஒரு எடம் அனுப்பினேன். அவனுக்கு மட்டும் இந்த எடம். ஏன்னா, நீங்கள்லாம் அவனச் சுத்தியே நின்னீங்க..."

வில்சன் ஷட்டரை அடித்தான். தட். தட். தட். 'நான் இல்லை' என்று கத்தினான். காற்றுதான் வந்தது.

"...காலையில சேதி வந்ததும் மெசேஜ அழிச்சேன். அழுதேன்னு சொன்னேன். அழல..."

6.41. உறுமல் நின்றது.

சின்னக் கதவு திறந்தது.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். செருப்பைத் தேடி மாட்டினார்கள்.

அல்லிதான் முதலில் வில்சனைப் பார்த்தாள்.

"நீங்க... இப்பதானே உள்ள மைக்ல நின்னீங்க? அதுக்குள்ள எப்பிடி வெளிய?"

நாற்பத்து மூன்று முகங்களும் திரும்பின.

"அடப்பாவி" என்றார் பல் டாக்டர், மெதுவாக.

எல்லோரும் போனார்கள்.

வாசலில் ஒரு ஜோடி மிஞ்சியது.

பழுப்புத் தோல் செருப்பு. வலது வார் அறுந்து, கறுப்பு நூலால் தைத்தது.

வில்சன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

வெறுங்கால்.

அல்லி தன் போனில் உள்ளே நடந்ததைப் பதிவு செய்திருந்தாள். 6.00 முதல் 6.41 வரை. முதல் முப்பத்தெட்டு நிமிடமும் வில்சன் தன் பக்கத்தில்தான் இருந்தான் என்று பிரதீபா எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்யத் தயார். தமிழ்ச்செல்வனின் அக்காள் அந்தப் பதிவைப் போலீசுக்குக் கொண்டுபோனாள். வில்சன் இரண்டாம் கேள்விக்கே காகிதத்தை வாங்கி, எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். எழுதத்தான் முடிந்தது. மூன்று ஊர் டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பேச்சு மட்டும் இல்லை. ஜாமீனில் வந்து பூட்டிய கடைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த தேர்தலுக்கு ஆட்டோக்காரர்கள் வேறு குரல் தேடுகிறார்கள்.

பிறகு ஒரு விஷயம் தெரியவந்தது. அஸ்கர் மட்டும் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோவான். சரியாக ஆறு மணிக்கு வில்சனின் வாய் தானாக அசையுமாம். சத்தம் வராது. உதடுகள் மட்டும். போன வாரம் அஸ்கர் கருக்களாச்சேரியில் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் வசிக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டு, ஷட்டருக்கு முன்னால் போனைப் பிடிக்கச் சொன்னான்.

6.00. அஸ்கரின் கண் வில்சனின் உதட்டில். காதில் போன்.

உதடும் குரலும் ஒன்றாக அசைந்தன.

"அடுத்து... மண்டபத்தூர்... தமிழ்ச்செல்வன்."

பிறகு கைதட்டல். பூட்டிய கட்டடத்துக்குள்ளிருந்து.