கள்ளிப்பால் கலந்த களிம்பு

தாவரவியல் படித்துவிட்டு விருதுநகரில் வேலையில்லாமல் இருந்தபோது, திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளியின் சின்ன ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். திருகுகள்ளியின் திசுவைக் குடுவையில் வளர்த்து, அதிலிருக்கும் ஸ்டீரால் என்ற மெழுகு போன்ற பொருளைப் பிரித்தெடுத்து, முகத்துக்குக் களிம்பு செய்து விற்பது அவர் திட்டம்.

வேலியில் நின்ற கள்ளியின் இளந்தண்டை வெட்டி, கிருமி நீக்கி, சத்துகள் கலந்த ஜெல்லியின் மேல் வைப்போம். சில வாரங்களில் வெளிறிய திசுக்கட்டி புடைக்கும். பார்க்கச் சளியைத் துப்பிவைத்த மாதிரி இருக்கும். பூஞ்சை ஏறிய குடுவையைத் திறந்தால் ஊசிப்போன கஞ்சி நாற்றம். தண்டிலிருந்து வடியும் பால் விரலில் ஒட்டிக் கறுத்துப்போகும். அந்தக் கையால் சோறு பிசையவே குமட்டியது.

பாலையும் கட்டியையும் தனித்தனியே சோதித்துப் பார்த்தேன். பாலில் நிறைந்திருந்தவை ட்ரைடெர்பீன்கள் என்ற பிசின் வகைப் பொருள்கள். ஸ்டீராலும் அவையும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள். பால் ஓடும் குழாய்ச் செல்களில் செடி அவற்றைச் சேர்த்துவைக்கிறது. எங்கள் கட்டியில் அந்தக் குழாய்களே உருவாகவில்லை. எந்தச் செடியிலும் இருக்கும் சாதாரண ஸ்டீரால்தான், அதுவும் துளியளவு கிடைத்தது.

"அப்பக் கொஞ்சம் பாலையும் சேத்துருங்கம்மா. கள்ளிச் சத்துன்னு லேபிள் அம்புட்டும் பிரஸ்ல அடிச்சு வந்துருச்சு" என்றார் முதலாளி.

"பால்ல தோலைப் புண்ணாக்குற பொருளும் இருக்கு அண்ணாச்சி. நான் செய்ய மாட்டேன்."

அவர் வேறு ஆளை வைத்துக் கலந்துவிட்டார். எனக்கு அது அப்போது தெரியாது. ஒருநாள் பட்டாசு பேக்கிங் செய்யும் அக்கா ஒருவர் சேலைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். கொப்புளம் உடைந்து சீழ் கசிந்தது. இன்னொரு கையில் எங்கள் களிம்பு டப்பா.

"யாரு அக்கா இதைப் பூசச் சொன்னது?"

"மொதலாளிதான். மூஞ்சி பளபளன்னு ஆகும், பூசிட்டு வந்து காமிங்கன்னாக. எங்க ஷெட்ல ஆளுக்கொரு டப்பா குடுத்தாக."

ஷெட்டுக்கு ஓடி, இருந்த டப்பாக்களையெல்லாம் பிடுங்கினேன். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

"சும்மாதானம்மா குடுத்தேன்? வெயில்ல காஞ்ச தோலு, தாங்கும்னு நெனச்சேன்."

நீட்டி இழுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார். குடுவை நாற்றமெல்லாம் அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. அக்காவை பஸ்ஸில் ஏற்றி சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பூசியது என்ன, அதில் என்னென்ன இருந்தது என்பதை டாக்டரிடம் சொன்னேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் டப்பாவோடு போய்ப் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். முதலாளிக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சீசனுக்கு ஆர்டர் பிடிக்கப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். கன்னத்துத் தழும்பை மறைக்கப் பவுடரை அப்பியிருந்தார்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டு என் கையைப் பிடித்தார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். முதலாளியின் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வர, இலை முன்னால் உட்கார அன்று என்னால் முடியவில்லை.