பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாதது

பதினெட்டு வருடமாக ஒவ்வொரு தவக்காலத்திலும் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தேன். கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசினேன். இப்படித்தான் சொல்வேன். செய்ததிலேயே பெரிய பாவத்தை மட்டும் வாய்திறந்து சொன்னதில்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என் தங்கைக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புருஷன் கைவிட்டதால் நான் அப்போது செஞ்சியில் பிறந்த வீட்டில், நைனாவிடம் வந்து கிடந்தேன். அவளும் போய்விட்டால் நான் தனி என்ற பயம். அவள் சந்தோஷத்தைப் பார்க்கவும் சகிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "பொண்ணுக்கு வலிப்பு இருக்குது, மறைக்கிறாங்க" என்றேன். சிறுவயதில் காய்ச்சலோடு ஒரே ஒருமுறை அவளுக்கு வந்தது. சொந்தக்காரர்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

கல்யாணம் நின்றது. பழி சித்தப்பா மேல் விழுந்தது. அவர் தன் மச்சானுக்கு என் தங்கையைக் கேட்டு, நைனா மறுத்திருந்தார். அந்த ஆத்திரத்தில் செய்துவிட்டார் என்றார்கள்.

"மாதா மேல சத்தியமா நான் சொல்லலண்ணா" என்று அவர் வாசலில் நின்று அழுதார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். நைனா கதவைச் சாத்தினார்.

வலிப்புப் பேச்சு ஊரெல்லாம் பரவி, தங்கைக்கு வேறு வரனே அமையவில்லை. தையல் மிஷினோடு அவள் காலம் போயிற்று. நைனா தன் தம்பியோடு பேசாமலே செத்தார். போன வருடம் பனமலையில் சித்தப்பா இறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

இந்தத் தவக்காலத்தில் புதிதாக வந்த சாமியார் பிரசங்கத்தில், "சொல்லக் கூச்சமில்லாத பாவத்தத்தான் நாம இங்க கொண்டு வர்றோம். மத்தத வீட்டுலயே பூட்டி வச்சிட்டு வந்துடுறோம்" என்றார்.  அன்றைக்கே அவர் முன்னால் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

சாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "கடவுள் மன்னிக்கிறாரும்மா. ஆனா அந்த மனுஷனோட பேர நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்" என்றார்.

மறுநாள் மத்தியானம், ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்த தங்கையின் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?"

சொன்னேன். ஊசி அவள் கையிலேயே நின்றது. மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சித்தப்பா சாவுக்குக்கூடப் போவலியே நாம" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பனமலைக்குத் தனியாகப் போனேன். சித்தி முழுக்கக் கேட்டாள். "இத அவரு உயிரோட இருக்கறப்பவே வந்து சொல்லக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. முற்றத்து வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன். அந்த வாரமே எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், போன் செய்தது நான்தான் என்று சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கிடைத்தால் மனம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஒரே வீட்டில் தங்கை தனியாக உலை வைக்கிறாள்.

ஈஸ்டர் காலைப் பூசையில், பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். வருடாவருடம் உரக்கப் பதில் சொன்னவள் நான். இந்த முறை எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான், "விட்டுவிடுகிறேன்" என்று எனக்குச் சொல்ல வந்தது. பொய்யில்லாமல் நான் சொன்ன முதல் பதில் அது. இரண்டு வரிசை முன்னால் நின்ற தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.