மச்சானின் கறிக் கிண்ணம்

சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் எழும்புவதற்கு முன்பே மச்சானின் மகன் என் வாசலில் வந்து நின்றான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "சின்னம்மா, அப்பா போயிட்டாங்க" என்றான். கை மாவைக்கூடக் கழுவாமல் அவனோடு கிளம்பினேன்.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் ஆயுள் முழுக்கச் சமைத்தவர். பங்களாச் சமையல்காரரை அப்பு என்பது தோட்டத்து வழக்கம். அதனால் உங்களுக்கெல்லாம் அவர் முத்துச்சாமி அப்பு. எனக்கு அக்காள் புருஷன், மச்சான்.

வேலை முடிந்து வந்தால் எங்கள் அடுப்பங்கரையில்தான் அவருக்குப் பேச்சு. "நம்மாளுக வாயில கேட்ட சொல்லைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான் கொழுந்தியா, வெள்ளக்காரன். கறி நம்ம சொல்லு" என்பார். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் கறி என்றால் இறைச்சி. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் அது வரும். பங்களாவிலோ முட்டை, முட்டைக்கோவா, பூசணி எல்லாமே கறியாம்.

"பூசணிக்காயுமா? அப்ப நாங்களும் தெனம் கறிதான் திங்கிறோமா மச்சான்?" என்று கேட்டேன்.

"தொரை தட்டுல விழுந்தாத்தான் அது கறி. ஒன் தட்டுல வெறுங் கொழம்பு" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

பங்களாவில் தங்கிய தமிழ் படித்த ஒருவர், பழங்காலத்தில் மிளகுக்கே கறி என்று பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் மச்சான் கறியில் மிளகு தூக்கல். "பேருக்குச் சொந்தக்காரன உள்ள விடாம எப்புடி?" என்பார்.

இனி என் வயிற்றெரிச்சலையும் சொல்ல வேண்டும். செத்தவரைக் குறை சொல்லாதே என்பார்கள். நான் சொல்வேன். என் மகள் கல்யாணத்துக்கு மறுநாள், பூண்டுலோயாவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறி விருந்து. இறைச்சி கொண்டுவந்து சமைத்துத் தருவதாக ஏற்றவர் மச்சான். அன்று துரைக்கு வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களுக்குக் கறி வேண்டுமாம். மச்சான் அங்கே சமைக்கப் போய்விட்டார். நான் பருப்பும் கருவாடும் வைத்துப் பரிமாறினேன். சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைச் சொல்லிச் சொல்லியே என் மகளைக் குத்தினாள்.

மறுநாள் அவரிடம், "பேரு நம்மளது, சாப்பாடு அவங்களுக்கா?" என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அந்தத் தீபாவளிக்கு என் வாசற்படியில் மூடி போட்ட கிண்ணம் நிறையக் கறி. ஒரு செருமல், ஆள் போய்விட்டார். சாப்பிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் லயத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் வெறுங்கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன். புரியட்டும் என்று.

அவரோ எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று, ஊருக்கே கேட்க, "எங்க கொழுந்தியா வழிச்ச வழிப்புல கிண்ணத்தக் கழுவுற வேலையே இல்ல!" என்று சத்தம் போட்டார்.

அடுத்த தீபாவளியும் கிண்ணம் வந்தது. அக்கா செத்த பிறகும் வந்தது. நானும் விடாமல் வெறுமையாகவே திருப்பினேன்.

பங்களா இப்போது ஓட்டலாகிவிட்டது. வாசல் பலகையில் இங்கிலீஷில் கறி என்ற சொல்தான் முதலில் இருக்கிறது என்று பேத்தி வாசித்துச் சொன்னாள். யார் சமைக்கிறார்களோ, மிளகு போடுகிறார்களோ இல்லையோ.

போன தீபாவளிக் கிண்ணத்தை, மழை விடட்டும் என்று வைத்திருந்தேன். மழை விடுவதற்குள் அவர் போய்விட்டார். கருமாதியன்று மகன் கேட்டான்: "சின்னம்மா, அப்பாவோட கிண்ணம் ஒங்ககிட்டதானே? வெறுங்கிண்ணமாவே குடுத்துருங்க."

"தரமாட்டேன்டா. போ" என்றேன்.

திருப்பிக் கொடுத்தால் மறுபடி நிறைந்து வரப்போகிறதா? இனி வாசலில் யார் செருமப் போகிறார்கள்? என் கோபம் அப்படியே இருக்கிறது, கிண்ணமும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் மிளகு வாசம். அதனால் நான் அதை அழுத்தித் தேய்ப்பதில்லை.