முந்திரி மரமும் மறு உத்தரவும்

எழுத்து என்பது ஒருவன் தன் கருத்தை மற்றவனுக்குத் தெரிவிக்கக் கண்ட கருவி என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யாதவர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கரணை பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, எழுபதுகளின் நடுவில் நெய்வேலி நகரியத்தில் சிறு ஒப்பந்தக்காரனாகப் பதிவு பெற்ற பிறகே எனக்கு உண்மை விளங்கியது. அலுவலக எழுத்தின் முதற்கடமை எழுதியவரைக் காப்பது. வேலை நடப்பது அதற்குப் பின்னால் வருகிற, நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாதகமில்லாத ஒரு காரியம்.

எனக்கு வேலை தந்த அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அதற்கு மதிப்புக் கூட்ட எனக்கு விருப்பமில்லை. நகரியத்தின் ஓரத்தில் நிலம் வைத்திருந்த அரசுத் துறைகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் படிப்பேன். முதல் பத்தி முழுவதும் பழைய கடிதங்களின் எண்களாக இருக்கும். கடைசி வரி ‘தவறாமல் செய்து முடிக்க வேண்டும்’ என்று அதட்டும். எதைச் செய்து முடிப்பது என்பது இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது பதுங்கியிருக்கும். சில கடிதங்களில் அதுவும் இராது.

ஓர் ஐப்பசி மழையில், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகையில், தபால் கொண்டுவரும் பியூன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தார். சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய உறையை எடுத்து நீட்டினார். புதிதாகக் கட்டிய தூண்களுக்குப் போதுமான அளவு தண்ணீர் ஊற்றப்படவில்லை என்றும், உடனடியாக ஊற்றவேண்டும் என்றும் அதில் கட்டளை இருந்தது. தூண்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தன. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்தையும் மழை கரைத்தது.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. வாய்மொழிக் கட்டளை அப்படிப்பட்டதன்று. பணியிடத்துக்கு வரும் பொறியாளர் வாயால் ஒன்று சொல்வார், செய்வோம். அது சரியாக அமைந்தால் அவருடைய திறமை. தவறிப்போனாலோ, ‘இவ்வாறு செய்யும்படி இவ்வலுவலகத்திலிருந்து எவ்வித ஆணையும் வழங்கப்படவில்லை’ என்று எழுத்தில் வரும். வாயால் சொன்னதை நம்பி ஒரு வாசல் தூணை நகர்த்திக் கட்டினேன். பிறகு அதை என் கையாலேயே இடித்து, பழைய இடத்தில் மீண்டும் எழுப்பினேன். இடிக்கச் சொன்ன கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தவர் நகர்த்தச் சொன்னவரேதான். அன்று முதல், எழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லையும் புரட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்த நிலையில்தான் அந்தத் துறையின் எல்லைச் சுவர் வேலை எனக்குக் கிடைத்தது. சுவருக்கு ஒருபுறம் குடியிருப்பு பிளாக்குகள். மறுபுறம், தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்துவந்த உள்ளூர்க் குடும்பங்களின் குடிசைகள். அங்கிருந்து நகரியத்துக்குள் வர ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களும், குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் துலக்கும் பெண்களும் அதன் வழியாகவே வந்தார்கள். வரைபடத்தில் நேர்கோடு ஒன்று அந்தப் பாதையை வெட்டிக்கொண்டு ஓடியது. வழி விடவேண்டும் என்ற நினைப்பு வரைந்தவருக்கு எழவில்லை. வரைபடத்தில் மனிதர்களைக் குறிக்கும் அடையாளம் எதுவும் இல்லையல்லவா?

என்னிடம் சித்தாளாக இருந்த ஓர் அம்மாள் அந்தக் குடிசைகளைச் சேர்ந்தவர். விடியற்காலையில் சில வீடுகளில் வேலையை முடித்துவிட்டு, அதன்பின் என் பணியிடத்துக்கு வந்து சாந்துச் சட்டி தூக்குவார். பாதை அடைபட்டால் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அப்படி வந்தால் காலை வீட்டு வேலைகள் கைவிட்டுப் போகும். கைக்குழந்தையோடு ஒரு மகள் அவரை நம்பி வீட்டில் இருந்தாள். தன் வழியை அடைக்கும் சுவருக்குத் தானே சாந்து சுமக்க நேர்ந்ததைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. நையாண்டி மட்டும் செய்வார்.

சுவரின் அடித்தளத்துக்கு வானம் தோண்டும் வேலை பாதையை நெருங்கியபோது கேட்டேவிட்டார். ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டால் என்ன குறைந்துபோகும் என்றார். எழுத்தில் உத்தரவு இல்லாமல் விட முடியாது என்றேன். துறைக்கு எழுதிக் கேட்டும் பார்த்தேன். வரைபடத்தைக் காண்க என்று பதில் வந்தது.

பாதையை ஒட்டி, சுவரின் கோட்டிலேயே ஒரு முந்திரி மரம் கிடந்தது. நின்றது என்று சொல்ல முடியாது. முந்திரிக்குரிய சுபாவப்படி கிளைகளைத் தரையில் ஊன்றி, ஒரு வீடு கட்டும் இடத்தை வளைத்துப் படுத்திருந்தது. உதவிப் பொறியாளர் தெற்கு மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். மரத்தைப் பார்த்ததும் வெட்டித் தள்ளச் சொன்னார். எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன்.

“எல்லாத்துக்கும் எழுதிக் குடு எழுதிக் குடுன்னா எப்படிங்க? நான் வாயால சொன்னா ஆகாதா?”

“முன்ன நான் இடிச்ச தூணும் வாயால சொன்னதுதான் சார்” என்றேன்.

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

சித்தாள் அம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “காயிதம் இல்லாம தும்மகூட மாட்டீங்க மேஸ்திரி” என்றார். நான் ஒப்பந்தக்காரனாகிப் பல காலமாகியும் அவருக்கு நான் மேஸ்திரிதான். “அந்த மரத்துல நம்பர் போட்டுக்கிறாங்களே, பாத்தீங்களா? காடாம்புலியூர்க்காரரு ஏலம் எடுத்துக்கினு இருக்காரு. கிளைய ஒடிச்சா சண்டைக்கு வந்துடுவாரு. மரத்துக்கும் ஒரு காயிதம் கேளுங்க. அவங்க எழுதிக்கினே இருக்கட்டும், நாங்க நடந்துக்கினே இருக்கோம்.”

போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் தாரால் எழுதிய எண் இருந்தது. அந்தத் துறையில் தோட்டப் பிரிவு என்று ஒன்று உண்டு. வளாகத்து மரங்களுக்கெல்லாம் எண் இட்டு, ஆண்டுதோறும் மகசூலை ஏலம் விடுவது அதன் வேலை. கட்டடப் பிரிவும் தோட்டப் பிரிவும் ஒரே தாழ்வாரத்தில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் இங்கிருந்து ஒரு கடிதம் அங்கே போகவேண்டுமானால், சென்னைத் தலைமை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அதுவே அங்கு மரபு.

அன்றிரவு அகராதியோடு உட்கார்ந்து, அவர்கள் நடையிலேயே ஒரு கடிதம் எழுதினேன். முதல் பத்தியில் பழைய கடிதங்களின் எண்களை அடுக்கினேன். ‘சுவரின் கோட்டில் இன்ன எண்ணுள்ள, மகசூல் ஏலம் விடப்பட்ட மரம் அமைந்துள்ளது. அதனை அகற்றுவது குறித்து உரிய பிரிவின் இசைவோடு எழுத்து மூலமான ஆணை வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்தேன். மழையில் வந்த அதே பியூனிடம் சேர்ப்பித்தேன்.

பதில் வர ஒரு பருவம் ஆயிற்று. அந்தக் கடிதத்தின் இரு வாக்கியங்களை இன்றும் மறக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை மரத்தையோ அதன் கிளை விரிந்த பரப்பையோ தொடலாகாது என்றது முதல் வாக்கியம். வரைபடப்படி சுவர் முழுவதையும் தாமதமின்றிக் கட்டி முடிக்கவேண்டும் என்றது இரண்டாவது. ஒரே தாள், ஒரே கையெழுத்து. முதல் வாக்கியத்தை எழுதிய கை இரண்டாவதை எழுதுமுன் சற்று நின்றுகூடப் பார்க்கவில்லை.

நான் கீழ்ப்படிந்தேன். கிளைகளின் ஒரு நுனிவரை சுவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மறு நுனியிலிருந்து தொடர்ந்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே மரமும், மரத்தின் விளிம்பில், கிளை விரிந்த பரப்புக்குள்ளேயே, பாதையும் இருந்தன. அம்மாள் கேட்டது ஓர் ஆள் நுழையும் சந்து. அரசு தந்தது மாட்டுவண்டி போகும் இடம்.

மறு உத்தரவு வரவேயில்லை. கட்டடப் பிரிவின் கோரிக்கை சென்னையைச் சுற்றிக்கொண்டு எதிர் அறையை அடைவதற்குள் அடுத்த ஏலம் முடிந்திருக்கும். ஏலம் எடுத்தவரின் உரிமைக் காலம் முடியட்டும் என்று தோட்டப் பிரிவு பதில் எழுதும். அது கட்டடப் பிரிவை அடைவதற்குள் அதற்கடுத்த ஏலம் வரும். முந்திரி காய்த்துக்கொண்டே இருந்தது. படித்த மனிதர்கள் பலர் இதற்காக மாதந்தோறும் சம்பளம் பெற்றார்கள்.

பின்பு உயர் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். இடைவெளி வழியே ஆட்கள் போய்வருவதைக் கண்டு அவர் முகம் கறுத்தது. யார் வழி விட்டது என்று கேட்டார். யாரும் விடவில்லை என்பதுதான் உண்மை. உதவிப் பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அம்மாளும் சட்டியைத் தலையில் வைத்தபடி நின்றுவிட்டார். அந்த ஒரு நிமிடம், பாதை இன்றோடு போயிற்று என்றே எண்ணினேன். முள்வேலி போட ஓர் உத்தரவு போதும். ஆனால் வேலிக்கும் கிளைகளுக்கு அடியில்தான் குழி தோண்டவேண்டும். அதற்கும் எதிர் அறையின் இசைவு வேண்டும் என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள்.

ஆகவே அறிவிப்புப் பலகை ஒன்று வைக்கும்படி எனக்குக் கடிதம் வந்தது. ‘இது பொதுவழி அன்று’ என்ற எழுத்து, தொலைவிலிருந்து வருவோருக்கும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று அதில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். கிளை விரிவுக்குச் சற்று வெளியே, பாதையின் ஓரத்தில், பஸ் நிறுத்தத்திலிருந்தே தெரியும்படி நட்டேன்.

அதுவரை அந்த வழி குடிசைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பலகை வந்தபின் ஊருக்கே தெரிந்தது. பலாப்பழம் விற்பவர்களும், சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கும் உறவினர்களும், பலகையை அடையாளமாக வைத்து விசாரித்து அதன் வழியாக வரத் தொடங்கினார்கள். துறையின் ஊழியர்களே மாலையில் சைக்கிளை அதன் வழியாகத்தான் உருட்டிக்கொண்டு போனார்கள்.

எண்பதுகளில் அதே அலுவலகம், அதே சுவரோரத்தில் ஒரு வடிகாலைச் செப்பனிட எனக்கு ஆணை அனுப்பியது. வழக்கம்போல் அகராதியோடு அமர்ந்தேன். எண்களைக் கடந்து நடுப்பகுதிக்கு வந்தபோது, மணலையும் கல்லையும் ‘பொதுவழி அன்று என்ற பலகை அருகேயுள்ள வழியாக’ எடுத்துச் செல்லவேண்டும் என்று எழுதியிருந்தது. தவறாமல் அவ்வாறு செய்ய வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் காலை, குவார்ட்டர்ஸ் வேலையை முடித்து வந்த அம்மாளிடம் அதைப் படித்துச் சொன்னேன். அரசே உங்கள் வழியை வழி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது என்றேன்.

“இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிதா அவங்களுக்கு?” என்றார். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, “மணல் எங்க கொட்டணும், அதச் சொல்லுங்க மேஸ்திரி” என்று நடந்தார்.

கடிதத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். அதை எழுத மறந்திருந்தார்கள்.