எட்டு வந்தால் நாலாம் லயம்

மூன்றாம் லயம், அந்த வரிசை வீடுகள், இப்போது இல்லை. மண்சரிவில் போய்விட்டது. மிச்சம் ஏழு. ஆனாலும் யட்டியாந்தோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் ஒன்று, இரண்டு, நாலு என்றுதான் எட்டு வரை எண்ணுவோம். யாரும் நம்பரை மாற்றவில்லை. என் அம்மா நாலாம் லயத்தில் இருக்கிறாள்.

அடுத்த சரிவுக்காவது ஆட்கள் தப்பி ஓடட்டும் என்று லயத்துக்கு ஒரு சைரன் வைத்தார்கள். மண் அசைந்தால் ஆபீசில் இருக்கும் பெட்டி அந்த லயத்தின் சைரனைக் கத்த வைக்கும். புரோகிராம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை, சும்மா செய்து தருவாள் என்ற எண்ணம்.

லயத்துக்கு ஒரு பிட், மொத்தம் எட்டு. பிட் ஒன்றானால் சைரன் கத்தும், பூச்சியமானால் கத்தாது. பெட்டியின் திரையில் பிட் தெரியாது, சாதாரண எண்தான் தெரியும். அதைப் பிரிக்கக் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். லயத்துக்கு ஒரு விரல்: முதல் விரல் 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16 என்று இரட்டிக்கும். 24 வந்தால் 16-உம் 8-உம். அதாவது ஐந்தாம் லயமும் நாலாம் லயமும். அவருக்கு அது பழகவே மூன்று நாள் ஆனது. என் தொண்டை கட்டிப்போனது.

சோதித்த அன்று நல்ல வெயில். நாலாவது பிட்டை ஒன்றாக்கினேன். திரையில் 8. சைரன் கத்தியது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது. ஆனா இங்க இல்லடி, அஞ்சாம் லயத்துல. எல்லாம் வெளிய ஓடி வந்து ஒன்னயத்தான் திட்டுறாங்க."

பெட்டியைத் திறந்தேன். வயர் மாட்டியவர் வெளியூர்க்காரர். அவர் கண்ணுக்கு ஏழு லயங்கள்தான். எட்டு ஓட்டைகளில் முதல் ஏழில் ஏழு வயரையும் இடைவெளி விடாமல் மாட்டியிருந்தார். நானோ யோசிக்காமலே மூன்றாவதுக்கு ஒரு பிட் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

"அஞ்சாவதுல கத்துனா நாலாவதுக்கும் கேக்குதே, விடு புள்ள" என்றார் கணக்கப்பிள்ளை.

"இன்னிக்கி வெயிலுங்க. தகரத்துல மழை கொட்டுறப்ப கேக்குமா?"

"அப்ப மூணாவத புரோகிராம்ல வெட்டிரு. ஒரு நிமிச வேலதானே?"

ஒரு நிமிட வேலைதான். வெட்டினால் 4 என்பது நாலாம் லயம் ஆகிவிடும்.

"மழையில 4 வந்தா எந்த லயத்துக்கு ஆள் அனுப்புவீங்க?"

அவர் விரல்களை மடக்கினார். மூன்றாவதில் நின்றார். இல்லாத லயம் அது.

வயர்க்காரர் பஸ் ஏறிப் போயிருந்தார். ஐந்து வயர்களை நானே கழற்றி ஒவ்வொன்றையும் ஓர் ஓட்டை தள்ளி மாட்டினேன். மூன்றாவது ஓட்டை காலி. மறுபடி 8 அனுப்பினேன். போனில் அம்மாவின் குரலையே சைரன் அமுக்கியது.

"காது போச்சுடி! நிப்பாட்டு!"

நான் உடனே நிறுத்தவில்லை.